ஓவியர் அமைத்த அல்லிக்குளம்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஜிவெர்னி என்னும் சிற்றூர். காலையில் பாரிஸில் இரயிலேறி, வெர்னான் நகரில் இறங்கி, சீன் ஆற்றைக் கடந்து சென்றால் அவ்வூரை அடையலாம். மாலைக்குள் திரும்பியும் விடலாம். குன்றின் அடிவாரத்தில் கல்வீடுகளும் பழைய தேவாலயமும் கொண்ட அவ்வூரை உலகறியச் செய்தவர், குளோத் மோனே என்னும் ஓவியர் ஆவார்.

மோனே 1883-ஆம் ஆண்டில் அங்கு வாடகைக்குக் குடிபுகுந்தார். 1890-இல் அவ்வீட்டையே விலைக்கு வாங்கினார். இளஞ்சிவப்புச் சுவர்கள் கொண்ட அந்நீண்ட இல்லத்துள் நுழைவோர், மஞ்சள் வண்ண உணவறையையும், நீல ஓடுகள் பதித்த சமையலறையையும், அவர் விரும்பிச் சேர்த்த ஜப்பானிய அச்சோவியங்களையும் காண்கின்றனர்.

பூந்தோட்டத்தைக் கடந்து சென்றால் அல்லிக்குளம் தோன்றும். அஃது இயற்கையாய் அமைந்ததன்று. 1893-இல் மோனே இருப்புப்பாதைக்கு அப்பால் நிலம் வாங்கி, அருகில் ஓடிய வாய்க்காலின் நீரைத் திருப்பிக்கொள்ள அரசின் இசைவை வேண்டினார். அயல்நாட்டுச் செடிகளால் நீர் நஞ்சாகிவிடும் என்று அஞ்சிய ஊரார் எதிர்த்தனர். அவரோ மனந்தளராது மீண்டும் விண்ணப்பித்து இசைவு பெற்றார். குளம் உருவாயிற்று, அதன்மேல் வளைந்த மரப்பாலமும் எழுந்தது. ஏறத்தாழ 250 ஓவியங்களில் அவர் அவ்வல்லிகளைத் தீட்டினார். ஒரே குளத்தை இத்தனை முறை வரைந்தது ஏன்? ஒளி மாறுந்தோறும் நீரின் நிறமும் மாறுகின்றது. காலையிற் கண்ட குளம் மாலையில் வேறொன்றாய்த் தோன்றுகின்றது. அம்மாற்றத்தையே அவர் வரைய விழைந்தார்.

நிறங்களையே உயிராகக் கொண்ட அவருடைய கண்களைப் புரைநோய் பற்றியது. 1912-இல் மருத்துவர்கள் அதனைக் கண்டறிந்தனர். நாளடைவில் நிறங்களின் வேறுபாடு மங்கியது. ஆயினும், வண்ணக்குழாய்களின்மேல் எழுதிய பெயர்களைக்கொண்டும், தட்டில் வண்ணங்களை மாறாத வரிசையில் வைத்தும் அவர் தொழிலைத் தொடர்ந்தார். 1918-இல் முதல் உலகப்போர் முடிந்தவுடன், தம் அல்லி ஓவியங்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். 1923-இல் வலக்கண்ணில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, மீண்டும் தூரிகையை ஏந்தினார்.

1926 டிசம்பர் 5-ஆம் நாள் மோனே மறைந்தார். அடுத்த ஆண்டில் அப்பேரோவியங்கள் பாரிஸிலுள்ள ஒராஞ்செரி மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றன. பேணுவாரின்றிப் பாழ்பட்டிருந்த தோட்டமும் செப்பனிடப்பெற்று, 1980-இல் திறக்கப்பெற்றது.

ஜிவெர்னிக்குச் செல்வோர், தேவாலயத்தின் அருகே உள்ள அவரது கல்லறையையும் கண்டு திரும்புகின்றனர். குளத்தில் மலரும் அல்லி சில நாட்களில் வாடிவிடும். ஒளி குன்றிய கண்களோடு அவர் தீட்டிய அல்லிகளோ இன்றும் வாடவில்லை.