லெப்டினைப் பிடித்துத் தரும் எதிர்ப்பொருள்

சுண்டெலியின் இரத்தத்தில் லெப்டின் அளவைச் சோதிக்கும் இந்தத் தட்டில் 96 குழிகள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டெலியின் லெப்டினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். லெப்டின், கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்குத் தெரிவித்துப் பசியை அடக்குகிறது.

குழியில் இரத்தச் சீரத்தை விட்டால் அதிலுள்ள லெப்டின் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, நொதி இணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். நிறமூட்டும் கரைசலை விட்டதும் நீலம் படரும். அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும். நிறம் அடர்த்தியானால் லெப்டின் அதிகம்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் தென்பட்ட பருத்த சுண்டெலிகளுக்கு லெப்டின் மரபணுவில் பழுது இருந்தது. அம்மரபணுவை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் கண்டறிந்தது. அந்த வகைச் சுண்டெலியின் சீரத்துக்கு இந்தச் சோதனையில் நிறம் ஏறாது.