கள்ளத்தொடர்பால் பிரியும் தம்பதி: குழந்தை யாரிடம் போகும்? சட்டம் சொல்வது என்ன?

அஸ்தினாபுரம்,

புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ வேறு ஒருவருடன் தொடர்பு இருப்பது தெரிய வந்ததும் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, "இனிமே உன்கூட வாழ முடியாது" என்பதுதான். அடுத்த பேச்சு, "குழந்தையை உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்பது. முதல் பேச்சுக்கு சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டாவது பேச்சுக்கு கோர்ட்டு சுலபத்தில் தலையாட்டாது.

பல்லாவரத்தை தாண்டினால் குன்றத்தூர். அங்கு 2018-ம் ஆண்டு கள்ளக்காதலுக்காக ஒரு பெண் தனது 2 குழந்தைகளையும் கொன்ற சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த வழக்கில் பெண்ணுக்கும், கள்ளக்காதலனுக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்து காஞ்சீபுரம் கோர்ட்டு 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் தீர்ப்பு கூறியது. பிடிக்காத கல்யாணத்தில் இருந்து வெளியே வர கோர்ட்டு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசலை பலருக்கு தெரியவில்லை என்பதுதான் வேதனை.

ஜெயிலில் போட முடியுமா?

"அவனை உள்ளே தள்ளணும் சார்" என்று போலீஸ் நிலையத்துக்கு ஓடுபவர்கள் இன்றும் உண்டு. முன்பு இந்திய தண்டனை சட்டம் 497-வது பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை ஜெயில் இருந்தது. அதுவும் ஆணுக்கு மட்டும்தான். அந்த பிரிவு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி தீர்ப்பு அளித்தது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த பிரிவு கிடையாது. ஆகவே, கள்ளத்தொடர்புக்காக மட்டும் போலீசார் யாரையும் கைது செய்ய முடியாது.

ஆனால், விவாகரத்து வாங்காமல் இன்னொரு தாலி கட்டினால் அது குற்றம்தான். 7 ஆண்டு வரை ஜெயில் உண்டு. அடி, உதை, மிரட்டல் இருந்தால் மகளிர் போலீசில் தனியாக புகார் கொடுக்கலாம்.

விவாகரத்துக்கு என்ன வழி?

1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டம் 13-வது பிரிவில், கள்ளத்தொடர்பு விவாகரத்துக்கு ஒரு காரணம். கணவன், மனைவி இருவருக்கும் இது பொது. கிறிஸ்தவ பெண்கள் முன்பு கள்ளத்தொடர்போடு கொடுமையையும் சேர்த்து நிரூபிக்க வேண்டி இருந்தது. 2001-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு அந்த பாகுபாடு ஒழிந்தது.

கள்ளத்தொடர்பை நேரில் பார்த்த சாட்சி கிடைப்பது கஷ்டம். அதனால் மனக்கொடுமை என்ற காரணத்தையும் சேர்த்தே வக்கீல்கள் மனு போடுவது வழக்கம். கணவன், மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாக பதிவு செய்திருந்தாலும் அதை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில் கூறியது.

முக்கியமான ஒன்று. விஷயம் தெரிந்த பிறகும் மன்னித்து மறுபடி குடும்பம் நடத்தினால், அந்த பழைய தப்பை காட்டி விவாகரத்து கேட்க முடியாமல் போகலாம். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவரவர் முடிவு. ஆனால் அதன் பலனை தெரிந்து முடிவு எடுக்க வேண்டும்.

இருவரும் பேசி பிரிய சம்மதித்தால் வேலை சுலபம். ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இந்த 6 மாதத்தை கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. குழந்தை யாரிடம், பார்ப்பது எப்போது, பள்ளிக்கூட பீஸ் யார் கட்டுவது எல்லாவற்றையும் அந்த மனுவிலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஊர் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் கையெழுத்து போட்டு "அத்து விட்டாச்சு" என்பதை நம்பி மறு கல்யாணம் செய்வது ஆபத்து. கோர்ட்டு தீர்ப்பு இல்லாமல், வெறும் பத்திரத்தால் மட்டும் கல்யாணம் முறிந்து விடாது.

குழந்தை யாருக்கு?

இங்குதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். "தப்பு பண்ணினது அவள். குழந்தை எனக்குத்தான்" என்று கணவன் நினைப்பார். "தப்பு பண்ணினது அவர். இனி பார்க்கவே கூடாது" என்று மனைவி நினைப்பார். இரண்டுமே சட்டம் ஆகாது.

1956-ம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டப்படி 5 வயது முடியாத குழந்தை பொதுவாக தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வயது என்றாலும் கோர்ட்டு பார்ப்பது குழந்தையின் நலன் ஒன்றைத்தான். சோறு ஊட்டுவது யார், பள்ளிக்கூடம் அழைத்துப் போவது யார், காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்திருப்பது யார் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

2021-ம் ஆண்டு பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு வந்தது. பெண்ணுக்கு வேறு தொடர்பு இருந்ததாக வைத்துக்கொண்டாலும், அதனாலேயே அவர் நல்ல தாய் இல்லை என்று ஆகி விடாது என்று கூறி, 4½ வயது மகளை தாயிடம் ஒப்படைக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. புதிய தொடர்பால் குழந்தையை கவனிக்காமல் விட்டார்கள், அடித்தார்கள், ஆபத்து இருக்கிறது என்று நிரூபித்தால் நிலைமை மாறும். கணவன், மனைவிக்குள் நடந்த துரோகம் வேறு. குழந்தைக்கு நடந்த கேடு வேறு. கோர்ட்டு இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போடும்.

குழந்தை ஒருவரிடம் இருந்தால் மற்றவருக்கு பார்க்கும் உரிமை உண்டு. தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறி இருக்கிறது. வீடியோ காலில் பேச விடுவதும் இதில் சேரும். விவரம் தெரிந்த வயது குழந்தை என்றால் நீதிபதியே தனியாக அழைத்து பேசுவார்.

"இது என் குழந்தையா?" என்ற சந்தேகத்தில் டி.என்.ஏ. பரிசோதனை கேட்பவர்களும் உண்டு. கள்ளத்தொடர்பை நிரூபிக்க குழந்தையை கருவியாக்கக் கூடாது, வழக்கமாக டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 பிப்ரவரியில் கண்டிப்புடன் தெரிவித்தது.

ஜீவனாம்சம்

தொடர்ந்து கள்ளத்தொடர்பில் வாழும் மனைவி மாதாந்திர ஜீவனாம்சம் கேட்டால் மறுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குழந்தைக்கு உரிய பணத்தை இதை காட்டி நிறுத்த முடியாது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால செலவு கேட்டு மனு போடலாம். ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து விவரத்தை பிரமாண பத்திரமாக தாக்கல் செய்ய வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட்டு 2020 நவம்பரில் போட்ட உத்தரவு.

எங்கே போவது?

அஸ்தினாபுரம் தாம்பரம் மாநகராட்சியில் இருந்தாலும் மாவட்டம் செங்கல்பட்டு. குரோம்பேட்டையில் மின்சார ரெயில் ஏறினால் செங்கல்பட்டு போய் விடலாம். அங்கு குடும்பநல கோர்ட்டு இருக்கிறது. மனைவி மனு போடுவதாக இருந்தால், தான் இப்போது குடியிருக்கும் பகுதிக்கு உரிய கோர்ட்டிலேயே போடலாம்.

வக்கீல் வைக்க காசு இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

"ஊரே சிரிக்குமே, பேப்பரில் வருமே" என்ற பயமும் பலரை தடுக்கிறது. இந்து திருமண சட்டப்படி இந்த விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். வழக்கு விவரத்தை அச்சிட்டு வெளியிடுவது குற்றம்.

புருஷன், பெண்டாட்டி உறவு தீர்ப்போடு முடிந்து விடும். அப்பா, அம்மா உறவு முடியாது. குழந்தையிடம் "உங்கப்பன் அப்படி, உங்கம்மா இப்படி" என்று சொல்லி சாட்சி சொல்ல வைப்பவர்கள் வழக்கில் ஜெயித்தாலும், அந்த பிஞ்சு மனசில் விழும் வடு மட்டும் எந்த தீர்ப்பாலும் ஆறாது.