பின்கள வீரரும் மலையகத்துச் சமதரையும்

உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர்தான் ஊர்வாயில் நிற்கும். கோல் விழாமல் தடுத்த பின்கள வீரரை ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சிங்கப்பூர் வீரரான ஆர். சசிகுமார் அதற்கு விலக்கு.

சிங்கப்பூரின் தொழில்முறைத் தொடர், எஸ்-லீக் என்ற பெயரில் 1996இல் தொடங்கியது. அந்தத் தலைமுறையின் நடுப் பின்கள வீரர்களுள் ஒருவரான சசிகுமார், 1998இல் வியட்நாமில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ணத் தொடரில் தேசிய அணிக்காக ஆடினார். சிங்கப்பூர் மலேசியாவையும் லாவோஸையும் வென்றது. வியட்நாமுடன் கோலின்றிச் சமநிலை கண்டது. அரையிறுதியில் இந்தோனேசியாவை 2-1 என வீழ்த்தியது. செப்டம்பர் 5ஆம் திகதி ஹனோயில் இறுதியாட்டம். எதிரணி வியட்நாம், அரங்கம் முழுவதும் அவர்களுடைய ரசிகர்கள். இரண்டாம் பாதியில் சசிகுமாரின் தோளில் பட்ட பந்து வலைக்குள் விழுந்தது. எஞ்சிய நேரம் முழுவதும் பின்களம் அந்த ஒரு கோலைக் காத்து நின்றது. சிங்கப்பூர் வென்ற முதல் சர்வதேசக் கிண்ணம் அது. ஓய்வுக்குப் பிறகு சசிகுமார் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் தொழிலில் இறங்கினார்.

பரப்பில் இலங்கையின் பாதிகூட இல்லாத பெல்ஜியத்திலும் சசிகுமாருக்கு இணையான ஒருவர் உண்டு. பின்கள வீரரான வின்சென்ட் கொம்பனி ஆறு வயதில் அண்டர்லெக்ட் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்தார்; 17 வயதில் அதன் முதல் அணிக்காக ஆடினார். 2012 ஏப்ரல் 30 அன்று மூலை உதையில் வந்த பந்தைத் தலையால் முட்டி அவர் போட்ட கோல், அவர் பின்னர் ஆடிய இங்கிலாந்துக் கழகமான மன்செஸ்டர் சிட்டி லீக் பட்டம் வெல்லப் பெரிதும் உதவியது. 2018 உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடம் பெற்ற பெல்ஜிய அணியிலும் அவர் இருந்தார்.

பின்கள ஆட்டம் இடத்தைக் கணிக்கும் கலை. உயரப் பந்து எங்கே இறங்கும், சக வீரருடன் ஒரே கோட்டில் எப்போது முன்னேற வேண்டும், முதுகுக்குப் பின்னால் எவ்வளவு வெளி கிடக்கிறது என்பவற்றை முழு அளவு மைதானத்தில் ஆடித்தான் பழக முடியும். சர்வதேச மைதானத்தின் வழக்கமான அளவு 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம்.

இலங்கை மலையகத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. ஹற்றன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சமதரை அரிது. இருக்கும் சமதரையிலும் தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருக்கும் லயம், கோயில், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் என்று ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. பிள்ளைகள் பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் பந்தை உதைக்கிறார்கள். பந்து தவறினால் தேயிலை மலைக்குள் உருண்டுவிடும்; ஆகவே யாரும் அதை உயர அடிப்பதில்லை. அந்த ஒடுங்கிய இடத்தில் பந்தைக் காலோடு ஒட்டிக் கொண்டுபோகும் வித்தை பிடிபடும். நீளப் பந்தை எதிர்கொள்ளும் பழக்கம் வராது. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் அந்த ஆட்டமும் நின்றுபோகும்.

முரளிதரனைத் தந்த மலைநாட்டுக்குக் கிரிக்கெட்டே போதும் என்பாரும் உண்டு. கிரிக்கெட்டுக்கும் சமதரை வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் மைதானம் வெட்டுவது நடக்காத காரியம். அடுத்தடுத்துள்ள சில தோட்டங்களுக்குப் பொதுவாக, பள்ளிக்கூடத்தை ஒட்டி, வடிகானுடன் ஒரு முழு மைதானம் அமைவது நடக்கக்கூடியது. அங்கே பத்து வயதுக்குள் பயிற்சி தொடங்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பல பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு கிடைக்கும் மைதானம் அவர்களுக்குப் பயன்படாது.