காலில் வீக்கமா? உப்பைக் குறைத்தால் மட்டும் போதாது!

போன வருஷம் கூட்டத்துக்கு வந்த ஒரு அக்காவின் காலில் கொலுசு தோலில் பதியுற அளவுக்கு வீக்கம். "நீர் போட்டிருக்கு, உப்பைக் குறைங்க"ன்னு நாமளே வைத்தியம் சொன்னோம். அது தப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துச் சோதித்து, 'அமிலாய்டு' படிந்திருக்கிறது என்றார்கள்.

அவருக்குக் காசநோய் இருந்தது. இருமல் நின்றதும் மாத்திரையை விட்டார். மறுபடி இருமல், மறுபடி மாத்திரை, மறுபடி விட்டுட்டார். இப்படியே பல வருஷம்.

உடம்பில் எங்காவது சீழோ அழற்சியோ இருந்தால் நம் கல்லீரல் ஒரு வகைப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். நாலு நாள் காய்ச்சல் என்றால் தானே குறைந்துவிடும். நோய் வருஷக்கணக்கில் உள்ளேயே புகைந்துகொண்டிருந்தால், அந்தப் புரதம் கரையாத நாராக மாறி உறுப்புகளில் படியும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் சிறுநீரகம். டீ வடிகட்டி கிழிஞ்சா தூளும் சேர்ந்து இறங்குமே, அதுபோல ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் நுரைக்கும், முகமும் காலும் வீங்கும். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகும்.

காசநோய் மட்டுமல்ல, கைவிரல் மூட்டெல்லாம் வீங்கும் முடக்குவாதம், எலும்பில் ஆறாத சீழ், நுரையீரலில் நாள்பட்ட சீழ்ச்சளி இவற்றாலும் வரலாம். எல்லோருக்கும் வராது. வயசானதால் வரும் சாதாரண முழங்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீங்க.

படிந்ததைக் கரைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. வேரில் இருக்கும் நோயை அடக்குவதுதான் வைத்தியம். அது அடங்கினால் புதிதாகப் படிவது நிற்கும்; பழையதும் சிலருக்கு மெல்ல மெல்லக் குறையும். காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரை வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்ததை 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். முடக்குவாதத்துக்கு நோயையே அடக்கும் மாத்திரை உண்டு. கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். அதையே தினம் போட்டால் சிறுநீரகத்துக்குத் தனிக் கேடு.

நுரைத்த சிறுநீர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே புரதச் சோதனை கேளுங்கள். நாள்பட்ட நோய் இருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அக்கா இந்தத் தடவை மாத்திரையை முழுசா முடிச்சுட்டாங்க. சிறுநீரில் புரதம் இன்னும் போகிறது, ஆனால் முன்பைவிடக் குறைவு. கொலுசை இப்ப கழட்டி மாட்ட முடியுது.