கம்பளிப் பர்ஸ் செய்யுமுன் நூலைப் பாருங்க



நம்ம மலைக் குழு ஒன்றில் நிட்டிங் மெஷினில் 12 பர்ஸ் பின்னி, சுருக்குவதற்காக வெந்நீரில் போட்டுத் தேய்த்தார்கள். கை சிவந்ததுதான் மிச்சம், ஒன்றுகூட சுருங்கவில்லை. 'உல்லன்' என்று கடையில் வாங்கியது அக்ரிலிக் நூல்! கூட நின்ற எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஆட்டு ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடிக்கும். பிறகு கத்தரியால் வெட்டினாலும் நூல் பிரியாது. அக்ரிலிக்கில் இது நடக்காது. வாங்கும்போதே ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகிய வாடை வந்து சாம்பல் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையானால் அக்ரிலிக். வாஷிங் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட கம்பளி நூலும் வேண்டாம், அதுவும் சுருங்காது.

கண்ணிகளை வழக்கத்தைவிடத் தளர்வாக விடுங்க. முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அளந்து, சுருக்கி, மறுபடி அளங்க. 10 அங்குல நீளம் 7 ஆனால், 7 அங்குல பர்ஸுக்கு 10 அங்குலம் பின்னணும். அகலத்துக்குத் தனிக் கணக்கு. தேய்க்கும்போது அடிக்கடி எடுத்துப் பாருங்க, அதிகம் சுருங்கினால் பழையபடி ஆக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்திலேயே வடிவம் பிடித்து நிழலில் காயவைங்க.

விலை போடும்போது பர்ஸின் அளவைப் பார்த்து ஏமாறாதீங்க. சின்னதாத் தெரியும், ஆனா உள்ளே போனது பெரிய துண்டுக்கான நூலும் கூலியும்.