ஊட்டி பங்களாக்களில் விலை உயர்ந்த பெயிண்ட்டும் உரிவது ஏன்? எப்போ அடிக்கலாம்?

லட்சக்கணக்கில் செலவு செஞ்சு அடித்த பெயிண்ட், ஒரே மழைக்காலத்தில் உரியுதா? பல நேரங்களில் தப்பு பெயிண்ட்டில் இல்லை, அடித்த நேரத்தில்தான்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10% கூடுவதால், நிறம் சீக்கிரம் வெளுக்கும். இரவுப் பனியில் சுவர் நனையும். ஈரச் சுவரில் பெயிண்ட் சரியா ஒட்டாது, கொப்புளம் கட்டும். குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால், பல எமல்ஷன்கள் ஒழுங்கா இறுகாது.

அப்போ எப்போ அடிக்கலாம்? மழையும் உறைபனியும் விலகிய பிப்ரவரி கடைசி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. முதலில் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைச்சுக் காயவிடுங்க. வெயில் ஏறி சுவர் உலர்ந்ததும் ஆரம்பிச்சு, பிற்பகல் 3 மணிக்குள் முடிச்சிடுங்க. அப்போதான் பனி இறங்கும் முன் பெயிண்ட் காயும்.