பழங்கயிற்றுக்குக் காசு

நோகாமல் நுங்கு தின்கிறவர்களைப் பற்றி நாம் பேசுகிற இடத்தில், பிரிட்டனில் ‘மணி ஃபார் ஓல்டு ரோப்’ என்பார்கள். பழங்கயிற்றைத் தள்ளிவிட்டுக் காசு பார்ப்பது. ‘ஈஸி மணி’, ‘மணி ஃபார் ஜாம்’ என்பவையும் இதே பொருளில் புழங்குபவைதான். பழங்கயிற்றுச் சொலவடைக்கு மூலமாகப் பலரும் காட்டுவது பாய்மரக் கப்பல்களின் காலத்தை. கப்பலில் தேய்ந்துபோன கயிற்றுக்குக் கரையில் விலை இருந்தது. அந்தக் கயிறு விற்ற பிறகு யார் கைக்குப் போனது, என்னவாக மாறியது என்று பார்த்தால், நோகாமல் வந்த காசு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாய்மரக் கப்பலில் மரத்துக்கு ஈடாகக் கயிறும் உண்டு. 1765இல் வெள்ளோட்டம் கண்ட ‘எச்எம்எஸ் விக்டரி’ போர்க்கப்பலுக்குச் சுமார் 26 மைல் கயிறு வேண்டியிருந்தது. எல்லாம் கஞ்சா இனச் செடியின் தண்டிலிருந்து உரித்த நார்; பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. உப்புநீரில் மட்கிவிடாமல் இருக்க அதற்குப் பைன் மரக் கீல் ஏற்றுவார்கள். சாத்தம் கடற்படைத் தளத்தில் இன்றும் நிற்கும் கயிற்றுக்கூடத்தின் நீளம் 346 மீட்டர். அவ்வளவு இடம் இருந்தால்தான் நீண்ட வடத்தை ஒட்டுப்போடாமல் திரிக்க முடியும். கடற்படைக் கயிறு திருட்டுப் போனால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக அதற்குள் தனியாகத் தெரியும் ஓர் இழையையும் சேர்த்து முறுக்கினார்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் திரித்த கயிற்றை, பழசானதும் மறுபடி நாராகவே பிரித்தார்கள். அப்படிப் பிரித்தெடுத்த கீல் ஊறிய நாருக்கு ‘ஓக்கம்’ என்று பெயர். மரக்கப்பலின் பலகை இடுக்குகளை அடைக்க இதைவிட வாகான பொருள் அன்று கிடையாது. தண்ணீர் பட்டால் நார் உப்பி இடுக்கை இறுக்கும். கீல் அதை அழுகவிடாது.

பிரிக்கும் வேலைக்கு இயந்திரம் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அதனால்தான் அது சிறைக்கும், ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய ‘வொர்க்ஹவுஸ்’ விடுதிக்கும் போனது. கயிற்றைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்கள். கீல் ஏறி இறுகிய துண்டு கட்டை மாதிரி இருக்கும். முறுக்கை அவிழ்த்துப் புரிகளைத் தனியாக்கி, ஒவ்வொரு புரியையும் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி, இளகியதும் விரலால் பிய்க்க வேண்டும். விரல்நுனி கிழியும், கீல் நகக்கண்ணில் ஏறி நிற்கும், தூசி தொண்டையை அடைக்கும். ஓர் இரவு தங்க இடம் கேட்டு வந்த வீடற்றவர்களுக்கும் 1882ஆம் ஆண்டு விதிகள் இந்த வேலையை வைத்தன. அடித்து இளக்காத கயிறென்றால் ஓர் ஆண் ஒரு நாளைக்கு 4 பவுண்டு, ஏறக்குறைய 1.8 கிலோ, பிய்த்துத் தர வேண்டும். நாரின் எடை எவ்வளவு சொற்பம் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இது எத்தனை பெரிய குவியல் என்று புரியும். டிக்கன்ஸின் நாவலில் வரும் ஆலிவர் டுவிஸ்ட் என்ற சிறுவனுக்கு விடுதியில் விதித்த வேலை இதுதான். 1895இல் கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் சிறையில் ஓக்கம் பிய்த்தார்.

இனி இந்த நார் கப்பலுக்குள் போகும் விதம். நம் கடற்கரையில் இதைக் கலப்பத்து என்பார்கள். நாரைக் கையால் உருட்டித் திரி ஆக்குவார்கள். இரண்டு பலகைகள் சேரும் இடுக்கு வெளிப்பக்கம் சற்று அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும். திரியை அதில் மடித்து மடித்து வைத்து, மழுங்கிய வாயுள்ள அகல உளியைப் பிடித்துக் கொட்டாப்புளியால் இறக்குவார்கள். அந்தக் கொட்டாப்புளியின் தலை நீண்டு ஒடுங்கியது. இரு முனையிலும் இரும்பு வளையம், நடுவே நெட்டுவாக்கில் துளைத்த பிளவு. அடிக்கிற அடிக்கு அது கணீரென்று ஒலிக்கும். திரி தளர்ந்திருக்கிறதா, போதுமான அளவு இறுகிவிட்டதா என்பது கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒலியிலேயே தெரியும். குறைவாக அடித்தால் ஒழுகும்; அளவு மீறினால் பலகையே விலகும். பிறகு கீலைக் காய்ச்சி இடுக்கின்மேல் ஊற்றி மூடுவார்கள். கொட்டாப்புளிக்காரரின் இந்தக் கைப்பக்குவம்தான் என்னை மிகவும் வியக்க வைப்பது.

அப்படியொரு தேர்ந்த கலப்பத்துக்காரர் ஃபிரெடரிக் டக்ளஸ். பின்னாளில் அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருங்குரலாக ஆனவர். 1830களில் பால்டிமோர் கப்பல் பட்டறைகளில் அடிமையாக இருந்தே இந்தத் தொழிலைக் கற்றார். நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் கூலி. அவரே வேலை பேசினார், அவரே உழைத்தார், அவர் கையில்தான் கூலியும் வந்தது. ஆனால் சனிக்கிழமை இரவு முழுவதையும் எசமானர் ஹியூ ஆல்டிடம் எண்ணி வைக்க வேண்டும். வாரத்தில் 6 டாலர் கொண்டுவந்தால், உற்சாகப்படுத்துவதற்கென்று ஆல்டு சில சமயம் 6 சென்ட் திருப்பித் தருவார். அந்தச் சில்லறை கைக்கு வரும்போதெல்லாம், மொத்தமும் தன்னுடையதே என்பதை எசமானரே ஒப்புக்கொள்வதாகத் தோன்றியது என்று 1845இல் வெளிவந்த தன் வரலாற்றில் டக்ளஸ் எழுதினார். பழங்கயிற்றில் நோகாமல் காசு பார்த்த ஒருவரைக் காட்டு என்றால் நான் ஆல்டைத்தான் காட்டுவேன்.

டக்ளஸ் 1838இல் தப்பி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபர்டு துறைமுகத்துக்கு வந்தார். அங்கே அடிமைமுறை இல்லை. ஆனாலும் கறுப்பருடன் சேர்ந்து கலப்பத்து அடிக்க வெள்ளைத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கையில் தொழில் இருந்தும் விறகு அறுத்து, கரி அள்ளி, சுமை தூக்கித்தான் குடும்பத்தை நடத்தினார்.

இரும்புக் கப்பல்கள் வந்த பிறகு ஓக்கத்தின் தேவை சுருங்கியது. வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்களின் மூட்டில் அதைத் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றும் வழக்கம் மட்டும் 20ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. பழைய மரக்கப்பல்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு இன்னும் அது கைகொடுக்கிறது. பாஸ்டனில் 1797இல் வெள்ளோட்டம் கண்ட ‘யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன்’ 2015 முதல் 2017 வரை உலர்துறையில் நின்றபோது, அதன் பலகை இடுக்குகளைப் பருத்தித் திரியும் ஓக்கமும் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துத்தான் அடைத்தார்கள்.